செட்டிநாட்டில் ஒட்டுத்துணிப் போர்வைக் கட்டப் பரிமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களைச் சேர்ந்த நாங்கள் 12 பேர், ஒட்டுத்துணிப் போர்வைக்கான கட்டங்களைத் தைத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். தையல் தெரிந்தவர்களும் புதிதாகத் தொடங்குபவர்களும் குழுவில் கலந்திருப்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், கீழே சில இடங்களில் விதியோடு என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

கட்டப் பரிமாற்றம் என்பது என்ன?

ஒட்டுத்துணிப் போர்வையின் மேற்பரப்பு ஒரே அளவுள்ள பல சதுரக் கட்டங்களை இணைத்து உருவாக்கப்படுவது. சிறு துணித்துண்டுகளை ஒரு வடிவத்தில் சேர்த்துத் தைத்தால் ஒரு கட்டம் கிடைக்கும். பரிமாற்றத்தில் ஒவ்வொருவரும் ஒரே வடிவத்தில், தமக்குப் பிடித்த நிறங்களில், 12 கட்டங்கள் தைக்கிறோம். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதி 11 கட்டங்களை மற்ற 11 பேருக்கும் கொடுக்கிறோம். முடிவில் ஒவ்வொருவர் கையிலும் 12 பேருடைய கையால் தைத்த 12 கட்டங்கள் இருக்கும். அவற்றை இணைத்து அவரவர் போர்வையை அவரவர் முடித்துக்கொள்ள வேண்டும்.

எந்த வடிவம்? ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஓஹையோ நட்சத்திரம் எனப்படும் வடிவம். அமெரிக்கப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தைத்துவரும் மரபு வடிவங்களுள் இது ஒன்று. கட்டத்தை மூன்றுக்கு மூன்று என ஒன்பது சதுரங்களாகப் பிரித்துக்கொண்டால், நடுவில் ஒரு முழுச் சதுரமும், நான்கு மூலைகளில் நான்கு முழுச் சதுரங்களும், நான்கு பக்கங்களின் நடுவில் நான்கு முக்கோணங்களாகப் பிளந்த சதுரங்களும் வரும். அந்த முக்கோணங்கள்தாம் எட்டு முனை கொண்ட நட்சத்திரத்தை உண்டாக்குகின்றன.

வெளிநாட்டு வடிவம் எதற்கு என்று முதல் கூட்டத்திலேயே ஓர் ஆச்சி கேட்டார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பட்டாசாலையின் தரையிலேயே சதுரத்துக்குள் எட்டுமுனைப் பூ இருந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் அந்நியமாகத் தோன்றாது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் கலந்த கலவையை இட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி எடுப்பதே ஆத்தங்குடிக் கல். அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. ஒரு சதுரம், அதற்குள் நேர்கோட்டு எல்லைகள், எல்லைக்குள் ஒரு நிறம் என்ற அளவில் கல்லுக்கும் துணிக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தே வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம். பூக்கற்களில் இரண்டு வகை உண்டு. ஒரே கல்லில் பூ முழுமையாக முடிந்துவிடும் வகை ஒன்று. ஒரு கல்லில் கால் பூ மட்டும் இருந்து, நான்கு கற்களைச் சேர்த்துப் பதித்த பிறகே பூ முழுமையாகும் வகை மற்றொன்று. இரண்டாவது வகைதான் எனக்கு அழகாகப் படுகிறது. எனினும், பரிமாற்றத்தில் அது உதவாது, ஏனென்றால் உங்கள் கட்டத்தின் பக்கத்தில் யாருடைய கட்டம், எந்த நிறத்தில் வந்து அமரும் என்பது தைக்கும்போது உங்களுக்குத் தெரியாது. ஓஹையோ நட்சத்திரம் தனக்குள் முடிந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டம் எதுவாயினும் அதன் உருவம் கெடுவதில்லை.

கட்டத்தின் சரியான அளவு என்ன? அதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

கைமாறும்போது கட்டம் 12½ அங்குலம் இருக்க வேண்டும். போர்வையில் தைத்த பிறகு நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய், வெளியே தெரிவது 12 அங்குலமாக இருக்கும்.

கண்டிப்புக்குக் காரணம் எளிய கணக்கு. கட்டத்தின் அகலத்தில் மூன்று சதுரங்கள் உள்ளன. அவற்றுக்கிடையே இரண்டு தையல்கள் உள்ளன. ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் உள்ளே இழுக்கிறது. கால் அங்குலம், அதாவது இரண்டு நூல், விட வேண்டிய இடத்தில் மூன்று நூல் விட்டால், ஒரு தையலுக்கு இரண்டு நூல் வீதம் இரண்டு தையலுக்கு நான்கு நூல் குறைந்து, 12½ அங்குலம் இருக்க வேண்டிய கட்டம் 12 அங்குலமாகச் சுருங்கிவிடும். தைத்தவருக்கு அது ஒரு நூல் தவறு. இணைப்பவருக்கு அரை அங்குலப் பள்ளம். ரவிக்கை தைப்பவர்கள் தாராளமாகத் துணி விட்டுத் தைத்துப் பிறகு பிரித்துக்கொள்ளப் பழகியவர்கள் என்பதால், நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களுக்கே இந்தத் தவறு அதிகம் நேர்கிறது.

நிறத்தில் யாருக்கும் யாரும் கட்டுப்பட்டவர் அல்லர். அளவு மட்டும் உங்களுடையதல்ல; அது குழுவுக்கு உரியது.

தையலுக்கு விடும் கால் அங்குலத்தைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலின் ஓரத்தை நம்ப வேண்டாம். மெஷினுக்கு மெஷின் அது மாறும். மிதி மெஷினாயினும் மோட்டார் மெஷினாயினும், ஊசியை இறக்கி வைத்து, ஊசி முனையிலிருந்து வலப்பக்கம் கால் அங்குலம் அளந்து, ஊசித் தகட்டின் மேல் மின்வேலைக்குப் பயன்படும் டேப்பை நேராக ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் விளிம்பு அந்த டேப்பை உரசியபடியே போக வேண்டும்.

பிறகு சோதித்துப் பாருங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கவாட்டில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்தால் மொத்தம் 3½ அங்குலமும், நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் சற்றே நகர்த்தவும். தைத்து மடித்த இடத்தில் துணியின் கனமே இழை அளவு இடத்தைத் தின்றுவிடும்; ஆகவே கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவாகத் தைப்பதே சரியாக வரும்.

எவ்வளவு துணி வேண்டும்?

ஒரு கட்டத்துக்கு அடித்துணியில் (நட்சத்திரத்துக்குப் பின்னணியாக வரும் துணியில்) 4½ அங்குலச் சதுரம் நான்கு, 5½ அங்குலச் சதுரம் இரண்டு. நட்சத்திர நிறத்தில் 5½ அங்குலச் சதுரம் இரண்டு. நடுவுக்கு 4½ அங்குலச் சதுரம் ஒன்று வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் ஓரங்களைக் கழித்து 42 அங்குலம் கிடைக்கும் என்று கொண்டால், 12 கட்டங்களுக்கு அடித்துணி 1½ மீட்டரும், நட்சத்திரத்துக்கு 75 சென்டிமீட்டரும், நடுச் சதுரங்களுக்கு 30 சென்டிமீட்டரும் போதும். எல்லாக் கட்டங்களிலும் ஒரே நட்சத்திர நிறம் இருக்க வேண்டியதில்லை. 12 கட்டங்களுக்கும் 12 நிறங்கள் வைத்தாலும் சரியே.

அடித்துணியை மட்டும் குழுவே வாங்கித் தருகிறது. ஒரே தானிலிருந்து (முழுத் துணிச் சுருளிலிருந்து) 20 மீட்டர் காடாத் துணி எடுத்து, நனைத்து உலர்த்திப் பிரித்துக் கொடுக்கிறோம். 12 பேரும் தனித்தனியாக வெள்ளை என்று நினைத்து வாங்கினால், நீலவெள்ளை, பால்வெள்ளை, சந்தனவெள்ளை எனப் 12 வெள்ளைகள் வந்து சேரும். வண்ணங்கள் எவ்வளவு வேறுபட்டாலும் கண் பொறுத்துக்கொள்கிறது, ஆனால் வெள்ளை வேறுபட்டால் போர்வை அழுக்கேறியது போலத் தெரியும்.

கண்டாங்கிச் சேலையை வெட்டிப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். காரைக்குடிக் கண்டாங்கி 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பிறகு புதிய சேலைகள் எல்லா ஊர்க் கடைகளிலும் தென்படுகின்றன என்றாலும், கட்டத்துக்குப் பொருத்தமானவை பலமுறை தோய்த்து இளகிய பழைய சேலைகள்தாம். அரக்கு, மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு, இலைப்பச்சை ஆகிய அந்த நிறங்களைக் காடாத் துணியின் மேல் வைத்தால் வேறு அலங்காரம் தேவைப்படாது.

ஆனால் கைத்தறித் துணி கடையில் வாங்கும் மில் துணியைப் போல நடந்துகொள்ளாது என்பதால், சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கட்டம் போட்ட சேலையை வெட்டும்போது அடிக்கோலை விடச் சேலையின் கோட்டை நம்புங்கள். கண்டாங்கியின் கட்டங்கள் அச்சடித்தவை அல்ல. சாயமேற்றிய நூலால் நெய்தவை. ஆகவே கட்டத்தின் கோடு எதுவோ அதுவே பாவு, ஊடையின் போக்கு. துணி இழுபட்டுக் கோணலாகத் தெரிந்தால், மூலைக்கு மூலை எதிர்ப்பக்கமாக இழுத்து, நனைத்து இஸ்திரி போட்டு, கோடு நேரான பிறகு வெட்டவும். அரை நூல் சாய்ந்து வெட்டினாலும் சாதாரணத் துணியில் தெரியாது; கட்டம் போட்ட துணியில் அடுத்த தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

இரண்டாவது, சேலையில் நெய்த கட்டத்தின் பருமன். இரண்டங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய கட்டங்களை முக்கோணமாக வெட்டினால் நிறம் பாதியில் மாறி நட்சத்திரத்தின் முனை மங்கிப்போகும். அத்தகைய துணியை நடுச் சதுரத்துக்கு ஒதுக்கி, முக்கோணங்களுக்குச் சேலையின் உடலில் ஒரே நிறமாக வரும் பகுதியையோ சிறு கட்டத்தையோ எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கரை. கண்டாங்கியின் அகலக் கரை பார்க்க ஆசையாக இருந்தாலும் உடலைவிட அடர்த்தியானது. முக்கோணங்கள் கூடும் இடத்தில் பல அடுக்குகள் சேர்வதால் கரைத் துணி அங்கே முண்டாகிவிடும், ஊசியும் முறியும். கரையையும் நடுச் சதுரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். சரிகை கலந்த கரை வேண்டவே வேண்டாம்.

நான்காவது, இழை பிரிதல். நெசவு தளர்ந்த துணியின் விளிம்பு, தையலுக்கு விட்ட கால் அங்குலத்துக்குள் பிரிந்து வந்துவிட்டால் பின்னால் தையலே கழன்றுவிடும். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போடுங்கள். தையல் நீளத்தை 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பதைக் கூடிய மட்டும் தவிர்க்கவும்.

இடுப்பில் சொருகும் பகுதியும் பாதத்தில் உரசும் ஓரமும் நைந்திருக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை தெரியும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் சேர்ந்துள்ள ஜாக்கெட் பிட்டுகள் உதவுமா?

தாம்பூலத்தோடு வந்து அலமாரியில் அடுக்கி வைத்த ஜாக்கெட் பிட்டுகள் இல்லாத வீடு நம் பக்கத்தில் இராது. பருத்தியாக இருந்தால் அவை மிகவும் உதவும். டூ பை டூ துணியில் கிடைக்கும் நிறவரிசை வேறு எதிலும் கிடைப்பதில்லை. பாலியஸ்டர் கலந்தவை மட்டும் வேண்டாம். ஐயம் இருந்தால், ஒரு இழையை உருவி, அடுப்படியில் பாத்திரத்தின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

சாயம் போகும் துணியை எப்படிக் கண்டுபிடிப்பது? உப்புப் போட்டால் நிற்காதா?

எல்லாத் துணியையும் தனித்தனியாக நனைத்துச் சோப்பிட்டு அலசி நிழலில் உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும். அதை வெட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. அலசிய துணி ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் படிந்தால் மறுபடி அலசுங்கள். மூன்று அலசலுக்குப் பிறகும் படிந்தால் அந்தத் துணி பரிமாற்றத்துக்கு ஆகாது. அரக்கும் கருநீலமும் சந்தேகத்துக்கு உரியவை.

உப்பும் காடியும் சாயத்தை நிறுத்தும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியம். சாயப் பட்டறையில், சாயம் நூலில் ஏறும் நேரத்தில், உப்புக்கு வேலை உண்டு. ஏறி முடிந்த துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தை வெளியேற்ற அலசுவது ஒன்றே வழி. உங்கள் சிவப்பு உங்கள் போர்வையில் மட்டும் கசிந்தால் அது உங்கள் பாடு. பரிமாற்றத்தில் அது 11 வீடுகளில் கசியும்.

கட்டத்தைத் தைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முக்கோணமாக வெட்டித் தைக்காமல், சதுரமாகவே தைத்துப் பிறகு வெட்டும் முறையைப் பின்பற்றுகிறோம். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு கைபட்டாலே இழுபடும் என்பதே காரணம்.

ஓர் அடித்துணிச் சதுரத்தையும் ஒரு நட்சத்திர நிறச் சதுரத்தையும் (இரண்டும் 5½ அங்குலம்) நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு பொருத்தி, அடித்துணியின் பின்பக்கத்தில் மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இருநிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். தையலை நிறத்துணிப் பக்கம் மடித்து இஸ்திரி போடவும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

இப்போது அந்த இரண்டு சதுரங்களையும் நிறத்தின் மேல் அடித்துணியும் அடித்துணியின் மேல் நிறமும் வருமாறு ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஏற்கெனவே உள்ள தையல்கள் எதிரெதிர்ப் பக்கம் மடிந்திருப்பதால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். விரலால் தடவினால் தெரியும். தையலுக்குக் குறுக்காக மற்ற மூலைகளுக்குக் கோடு போட்டு, முன்போலவே இரு பக்கமும் தைத்து வெட்டினால், நான்கு முக்கோணங்கள் கொண்ட சதுரங்கள் இரண்டு கிடைக்கும். இவை ஏறத்தாழ 4¾ அங்குலம் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் 2¼ அங்குலம் அளந்து 4½ அங்குலமாக வெட்டிச் சரிசெய்யவும். மீதமுள்ள ஒரு சோடிச் சதுரங்களிலும் இவ்வாறே செய்தால் தேவையான நான்கும் தயாராகிவிடும்.

பிறகு ஒன்பது சதுரங்களையும் தரையில் பரப்பிப் பாருங்கள். நிற முக்கோணங்களின் அடி மூலைச் சதுரங்களைத் தொட வேண்டும். அடித்துணி முக்கோணம் நடுச் சதுரத்தைத் தொட வேண்டும். ஒன்றைக் கால் வட்டம் திருப்பி வைத்துத் தைத்துவிட்டால் நட்சத்திரம் சிதறிப்போகும். இதைத் தைப்பதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். நேரில் கண்ணுக்குப் படாத பிழை படத்தில் பட்டெனத் தெரிகிறது.

வரிசை வரிசையாக இணைக்கும்போது மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் தையலை மூலைச் சதுரங்களின் பக்கம் மடியுங்கள். நடு வரிசையில் நடுச் சதுரத்தின் பக்கம் மடியுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் தாமாகப் பொருந்தும். கடைசியாக 12½ அங்குலத்துக்கு வெட்டிச் சரிசெய்யும்போது, நட்சத்திர முனைகளுக்கு வெளியே கால் அங்குலம் கட்டாயம் மிஞ்ச வேண்டும். முனையை ஒட்டி வெட்டிவிட்டால் இணைப்பவர் தைக்கும்போது முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும்.

பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் தகட்டை 12½ அங்குலச் சதுரமாக வெட்டி வாங்கி, கால் அங்குல உட்கோட்டை அழியாத மையால் வரைந்து வைத்திருக்கிறோம். வேண்டுபவர்கள் இரவல் பெறலாம்.

கையால் தைத்த கட்டங்களை ஏற்பீர்களா?

ஏற்போம். கோட்டை பென்சிலால் வரைந்துகொண்டு ஓட்டுத் தையல் போட்டு, விரற்கடைக்கு ஒரு கெட்டித் தையல் இட்டால் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கெட்டித் தையல் வேண்டும்.

இந்த வடிவம் கடினமாக இருந்தால் வேறு தைக்கலாமா?

இந்தச் சுற்றில் முடியாது. பயிற்சிக்கு 4½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மட்டும் இணைக்கும் ஒன்பது துண்டுக் கட்டத்தை முதலில் தைத்துப் பாருங்கள். அளவு சரியாக வந்தால் நட்சத்திரமும் வரும். அடுத்த சுற்றுக்கு மரக்குடில் வடிவத்தைச் சிலர் கேட்கிறார்கள். நடுவில் ஒரு சிறு சதுரம் வைத்து, சுற்றிலும் பட்டைகளை அடுக்கி, ஒரு பாதி வெளிர் நிறமும் மறு பாதி அடர் நிறமுமாகத் தைப்பது அது. நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது அமெரிக்க வழக்கம். வீட்டின் கணப்பைக் குறிப்பதாகச் சொல்வார்கள்.

கறுப்புத் துணி வைக்கலாமா?

நிறம் அவரவர் விருப்பம் என்று சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. கறுப்பு வைத்த கட்டம் பார்வைக்கு எடுப்பாகவே இருக்கும். ஆத்தங்குடிக் கல்லில் கறுப்பு இல்லாமலா இருக்கிறது? ஆனால் இந்தப் போர்வைகளில் சில, பிள்ளை பெற்ற வீட்டுக்கும் கல்யாணச் சீருக்கும் போகப்போகின்றன. அத்தகைய வீட்டுக்குக் கறுப்பு வரக்கூடாது என்று நினைப்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. ஆகவே கறுப்பைத் தவிர்க்கும்படி எல்லோரும் ஒப்புக்கொண்டோம். கருநீலமும் காப்பிக்கொட்டை நிறமும் அந்த இடத்தை நிரப்பும்.

மறைந்துபோன பெரியவர்களின் சேலையைப் பயன்படுத்தலாமா?

இதற்கு விதி எழுத முடியவில்லை. அப்பத்தாவின் கண்டாங்கியை வெட்டி, அதன் துண்டு 12 வீட்டிலும் இருக்கட்டும் என்று நினைப்பவரும் உண்டு; பிறர் வீட்டுப் பழந்துணி நம் வீட்டுக்குள் எதற்கு என்று நினைப்பவரும் உண்டு. இரண்டும் இயல்பான எண்ணங்களே. ஆகவே அத்தகைய துணியைப் பயன்படுத்துபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விருப்பமில்லாதவர்களுக்குத் தர, புதிய துணியில் வேறு கட்டம் தைத்துக் கொடுத்துவிடலாம். சொல்லாமல் வைப்பதை மட்டும் ஏற்க மாட்டோம். என்னைக் கேட்டால், ஒரு சேலையைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூச்சிக்குக் கொடுப்பதைவிட வெட்டிக் கொடுப்பது மேல்.

தைத்த கட்டம் அளவில் குறைந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு நூல் குறைந்தால் அப்படியே கொடுங்கள், இணைக்கும்போது சமாளிக்கலாம். அதற்குமேல் குறைந்தால் இழுத்து இஸ்திரி போட்டு நீட்ட முயல வேண்டாம். முதல் சலவையில் அது பழையபடி சுருங்கி, பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து இழுக்கும். வெளித் தையல்களைப் பிரித்து, வெளிச் சதுரங்களைப் புதிதாக வெட்டித் தைப்பதே சரி. அளவு கூடியிருந்தால் கவலையில்லை; ஆனால் நான்கு பக்கமும் சமமாக வெட்ட வேண்டும்.

கட்டத்தில் பெயர் எழுத வேண்டுமா?

முன்பக்கத்தில் வேண்டாம். பின்பக்கம், தையலுக்கு விட்ட இடத்தில், பெயரையும் ஊரையும் பென்சிலால் சிறிதாக எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் மை துணியில் ஊடுருவி முன்பக்கம் தெரியும். யார் எத்தனை கொடுத்தார், யாருக்கு எது போனது என்பதை மொய் நோட்டுப் போல ஒரு நோட்டில் நான் எழுதி வருகிறேன். போர்வை முடிந்ததும் 12 பெயர்களையும் பின்துணியில் பின்னல் தையலாக இட விரும்புபவர்களுக்கு அதிலிருந்து பட்டியல் தரப்படும்.

நேரில் வர முடியாதவர்கள் எப்படி அனுப்புவது?

12 கட்டங்களும் சேர்ந்து கால் கிலோவைத் தாண்டாது. மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மழைத்தண்ணீர் புகாத உறையிலிட்டு, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உறைக்குள் உறையாக இரண்டு போடுவது நல்லது. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினர் கையில் கொடுத்து அனுப்பினால், அவர்கள் ஊருக்கு வந்துசேரும் தேதியை முன்பே தெரிவியுங்கள்.

12 கட்டங்களை வைத்து எவ்வளவு பெரிய போர்வை செய்யலாம்?

மூன்றுக்கு நான்காக அடுக்கி, இடையில் 2 அங்குலப் பட்டையும் சுற்றிலும் 4 அங்குலக் கரையும் வைத்தால் 48-க்கு 62 அங்குலம் வரும். பிள்ளைகளுக்கும், ஊஞ்சலில் விரிப்பதற்கும் போதும். ஒற்றைக் கட்டிலுக்கு வேண்டுமென்றால் அதே அளவில் இன்னும் 8 கட்டங்கள் நீங்களே தைத்து, நான்குக்கு ஐந்தாக அடுக்குங்கள். 62-க்கு 76 அங்குலம் கிடைக்கும். இடைப்பட்டை வைப்பதை நான் வற்புறுத்துவேன். வெவ்வேறு கைகள் தைத்த கட்டங்களுக்கு இடையே உள்ள நூலளவு வேறுபாடுகளை அது விழுங்கிவிடுகிறது.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமா?

குளிர்நாட்டுப் போர்வைகளில் வைக்கும் கனமான பஞ்சு விரிப்பு நம் வெயிலுக்குத் தேவையில்லை. பலமுறை தோய்த்த பருத்தி வேட்டி ஒன்றையோ, பழைய சேலையை இரண்டாக மடித்தோ நடு அடுக்காக வைத்தால் மார்கழிப் பனிக்கும் போதும், சித்திரையில் விரிப்பாகவும் ஆகும். அடுக்குகள் நகராமல் இருக்க, நான்கு விரற்கடைக்கு ஒரு வரிசையாவது ஊடுருவித் தைக்க வேண்டும். வெட்டுவதற்காகப் போட்ட கஞ்சியை, போர்வை முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி நீக்கிவிடுங்கள். கஞ்சி ஏறிய துணியைப் பெட்டியில் வைத்தால் பூச்சி தேடி வரும். உலர்த்துவது நிழலில்தான்.

எனக்கு வந்த கட்டங்களில் ஒன்று பிடிக்கவில்லை. சேர்க்காமல் விடலாமா?

விடலாம், உங்கள் போர்வை உங்களுடையது. ஆனால் கட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, கட்டிலின் மேலோ மாடிப்படியிலோ நின்று பாருங்கள். கையில் வைத்திருக்கும்போது கண்ணைக் கூசிய மஞ்சள், 11 கட்டங்களுக்கு நடுவே வைத்ததும் மற்ற நிறங்களை எடுத்துக்காட்டும் வேலையைச் செய்வதுண்டு. அப்படியும் ஒட்டவில்லை என்றால் அதை மூலைக்குத் தள்ளுங்கள்; அடர்நிறக் கட்டங்கள் மூலைகளில் இருந்தால் போர்வையின் அமைப்பு இறுக்கமாகத் தெரியும். மூலையிலும் மனம் ஒப்பவில்லையென்றால் பின்துணியின் நடுவில் வைத்துத் தைத்துவிடுங்கள். அவ்வாறு செய்ததைத் தைத்தவரிடம் சொல்ல வேண்டுமா என்பதை, அவரை நேரில் தெரிந்த நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.